தயக்கத்தின் அறம்: ஆவியூடகர் துப்பறியும் நகைச்சுவைப் புனைவும் தமிழ் மெய்ப்பாட்டு மரபும்

ஆய்வுச் சுருக்கம்

இறந்தோருடன் பேசும் ஆற்றலை விரும்பாமலே பெற்ற ஓர் இளையவர், அந்த ஆற்றலால் கொலை மர்மம் ஒன்றில் சிக்கி அதைத் துலக்கும் நகைச்சுவைக் கதைகள் ஆங்கில வெகுசன இலக்கியத்தில் தனி வகையாக நிலைபெற்றுள்ளன. இவ்வகைக்கு உயிர் தருவது ஆவியும் அன்று, கொலையும் அன்று. ஆவியூடகரின் தயக்கமே என்பது இக்கட்டுரையின் கருத்து. தொல்காப்பிய மெய்ப்பாட்டியல், சங்க வெறியாட்டுப் பாடல்கள், சிலப்பதிகாரம் ஆகியவற்றின் துணையோடு நோக்கும்போது, இத்தகைய புனைவில் நகை யார்மீது விழுகிறது என்னும் வினாவே அதன் தரத்தை அளக்கும் கோலாகிறது. வெகுசனத் துப்பறி புனைவைத் தமிழாய்வு ஒதுக்கிவைப்பதற்குப் போதிய காரணம் இல்லை என்பதும் இங்கு முன்வைக்கப்படுகிறது.

திறவுச்சொற்கள்: ஆவியூடகர், துப்பறி புனைவு, மெய்ப்பாடு, நகை, வெறியாட்டு, சிலப்பதிகாரம்

முன்னுரை

ஒரு சிற்றூர், அங்கே ஒரு தேநீர்க்கடையோ பழைய புத்தகக் கடையோ நடத்தும் இளம்பெண், அவள் அழைக்காமலே அவள்முன் வந்து நிற்கும் ஆவி, அந்த ஆவிக்கு உரியவர் கொலையுண்டார் என்பதும், கொன்றவர் ஊருக்குள்ளேயே நல்லவராக நடமாடுகிறார் என்பதும் மெல்ல மெல்ல வெளிப்படுதல், இடையிடையே சிரிப்பு, இறுதியில் ஊர் தன் அமைதிக்குத் திரும்புதல். ஆங்கிலத்தில் அண்மைப் பத்தாண்டுகளில் பெருகியுள்ள ஒரு புனைவு வகையின் பொதுச் சட்டகம் இது. குருதியும் கொடுமையும் கண்முன் காட்டப்படாமல், அண்டை அயலாரின் உலகுக்குள் நிகழும் துப்பறி கதையை அங்கே ‘கோசி மிஸ்டரி’ என வழங்குவர். தமிழில் இதனை இல்லம்சார் துப்பறி புனைவு எனலாம். அதனோடு ஆவியுலகமும் நகைச்சுவையும் கலக்கும்போது, ‘மீடியம்’ எனத் தமிழிலும் வழங்கும் ஆவியூடகர் துப்பறிவாளராகிறார்.

இத்தகைய படைப்புகள் தமிழ்த்துறைகளில் ஆய்வுப்பொருளாக எளிதில் ஏற்கப்படுவதில்லை. துப்பறி கதை ஒரு குறை, பேய்க்கதை மற்றொரு குறை, நகைச்சுவை மூன்றாவது குறை எனக் கருதப்படும் சூழலில், மூன்றும் சேர்ந்த ஒன்றுக்கு இடம் கிடைப்பது அரிது. ஆயினும் இவ்வகை எழுப்பும் வினா எளியதன்று. ஒருவருக்கு உண்மை தெரியும். அது எவ்வாறு தெரிந்தது என்று அவரால் சொல்ல முடியாது. சொன்னால் ஊர் சிரிக்கும். சொல்லாவிட்டால் குற்றவாளி தப்புவான். இந்த இக்கட்டில் நிற்பவர் பெரும்பாலும் இளம்பெண்ணாக இருப்பது தற்செயலா என்பதும் கேட்கத்தக்கது.

ஆங்கிலப் புனைவு தமிழிலிருந்து பிறந்தது என்று நிறுவுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. எல்லாம் இங்கே முன்பே இருந்தன என்னும் பெருமிதம் ஒப்பியலுக்கு உதவாது. தமிழ் இலக்கண மரபு வகுத்துத் தந்த கருவிகள் அயல்மொழிப் புனைவு ஒன்றை விளக்கப் பயன்படுமா என்பதே இங்கு எழும் வினா.

அறிதலும் மெய்ப்பித்தலும்

துப்பறி புனைவுக்கும் ஆவிக்கும் பழம்பகை உண்டு. கத்தோலிக்கக் குருவும் துப்பறி கதை எழுத்தாளருமான ரொனால்ட் நாக்ஸ் 1929இல் வகுத்த பத்து விதிகளுள் இரண்டாவது, இயற்கை கடந்த ஆற்றல்கள் அனைத்தையும் விலக்குகிறது. 1930இல் இலண்டனில் உருவான துப்பறி எழுத்தாளர் கழகமும், தெய்வ வாக்கைக் கொண்டு மர்மத்தை அவிழ்ப்பதில்லை என்று உறுப்பினரை உறுதிமொழி எடுக்கச் செய்தது. காரணம் எளியது. துப்பறி கதை எழுத்தாளருக்கும் வாசகருக்கும் இடையிலான ஓர் அறிவுப் போட்டி. கொன்றவர் பெயரை ஆவியே வந்து சொல்லிவிட்டால் போட்டிக்கு இடமில்லை.

அவ்வாறாயின் ஆவியூடகர் துப்பறியும் கதை எவ்வாறு இயல்கிறது? அது விதியை மீறுவதுபோல் காட்டி வேறொரு விதியை ஏற்கிறது. ஆவிக்குத் தன்னைக் கொன்றவர் யார் எனத் தெரியாமல் இருக்கலாம். தெரிந்தும் அரைகுறையாகச் சொல்லலாம். முழுதும் சொன்னாலும் அச்சொல் சான்றாகாது. ஆவி சொல்லலாம், மனிதர்தாம் மெய்ப்பிக்க வேண்டும். இதுவே இவ்வகையின் எழுதப்படாத சட்டம். அறிதலுக்கும் மெய்ப்பித்தலுக்கும் இடையே விழும் இந்த வெளியில்தான் கதையும் நகையும் பிறக்கின்றன. ‘உனக்கு எப்படித் தெரியும்?’ என்று காவல் அதிகாரி கேட்கும் நொடியில் நாயகி சொல்லும் பொய், அடுத்த பொய்க்கு வழிவகுக்கிறது.

துப்பறி எழுத்தாளர் கழகம் தோன்றிய அதே 1930இல், அதன் முதன்மை உறுப்பினருள் ஒருவரான டோரத்தி எல். சேயர்ஸ் ‘ஸ்ட்ராங் பாய்சன்’ நாவலை வெளியிட்டார். அதில் சமயப் பற்று மிக்க கிளிம்சன் அம்மையார், நஞ்சூட்டிய பழி சுமந்து நிற்கும் ஒரு பெண்ணைக் காப்பதற்காக ஆவியூடகராக வேடம் புனைகிறார். நோயுற்ற மூதாட்டி ஒருத்தியின் உயில் இருக்குமிடத்தை அறியவேண்டும். மூதாட்டியின் செவிலியோ ஆவியுலக நம்பிக்கையில் தோய்ந்தவள். மேசையை ஆட்டவும் தட்டொலி எழுப்பவும் அம்மையார் செய்துகொள்ளும் ஏற்பாடுகள் நகைப்பூட்டுகின்றன. அதே வேளையில், நம்புகிறவளை ஏமாற்றுவது பாவமன்றோ என்று அவர் மனச்சான்று உறுத்திக்கொண்டே இருக்கிறது. உயில் கிடைக்கிறது, கொலையின் நோக்கமும் துலங்குகிறது. குற்றத்தை மெய்ப்பிப்பதோ, ஆர்செனிக் நஞ்சுக்கு உடலைச் சிறிது சிறிதாகப் பழக்கிக்கொள்ளலாம் என்னும் அறிவு. இங்கே ஆவி பொய். ஆயினும் ஆவியூடகரின் தயக்கம் மெய்.

ஜோனதன் ஸ்ட்ரவுடின் ‘லாக்வுட் அண்ட் கோ’ வரிசை (2013–2017) இதே சட்டத்தை வேறொரு உலகில் நிறுத்துகிறது. அங்கே ஆவிகள் நாடெங்கும் மலிந்துள்ளன. அவற்றைக் காணவும் கேட்கவும் சிறாரால் மட்டுமே முடியும். வளர்ந்தபின் அவ்வாற்றல் மங்கிவிடும். ஆதலால் வயதுவந்தோர் நிறுவனம் நடத்தி மேற்பார்வை செய்ய, சிறார் இரவில் ஆவிகளை எதிர்கொள்கின்றனர். கதைசொல்லியான லூசி, முந்தைய வேலையில் மேற்பார்வையாளரின் பொறுப்பின்மையால் உடன் பணியாற்றிய சிறாரை இழந்தவள். அவளும் தோழர் இருவரும் பேசிக்கொள்ளும் குறும்புக்கு அடியில், சிறார் உழைப்பு பற்றிய கடும் விமரிசனம் ஓடுகிறது. ஆவியைக் கேட்கும் செவி இங்கே ஒரு வரமன்று. பிறர் பயன்படுத்திக்கொள்ளும் கருவி.

ஹைட்ஸ்வில் சிறுமியர்

இப்புனைவு வகையின் பின்னால் வரலாறு ஒன்று நிற்கிறது. நியூயார்க் மாநிலத்தின் ஹைட்ஸ்வில் சிற்றூரில், 1848 மார்ச் 31 இரவு, ஃபாக்ஸ் குடும்பத்தின் வீட்டில் எழுந்த தட்டொலிகளுக்கு அவ்வீட்டுச் சிறுமியரான மேகியும் கேட்டும் விடை பெறத் தொடங்கினர். மூத்தவளுக்கு ஏறத்தாழ 14 வயது, இளையவளுக்கு 11. தாய் அஞ்சினார், அண்டை வீட்டார் கூடினர், வினாக்கள் கேட்கப்பட்டன. தட்டொலிகளை எண்ணிக் கூட்டிப் பெறப்பட்ட கதை இது: அவ்வீட்டில் முன்னர் ஒரு சுமைவணிகன் கொலையுண்டான், அவன் உடல் நிலவறையில் புதைக்கப்பட்டது. ஊரார் நிலவறையைத் தோண்டவும் செய்தனர். சிற்றூர், இளம் ஆவியூடகர், கொலை, புதைந்த உடல், துப்பறிய முனையும் அண்டை அயலார் என இன்றைய இல்லம்சார் புனைவின் உறுப்புகள் யாவும் அந்த ஓர் இரவிலேயே கூடிவிட்டன.

அவ்விரவுக்குப் பின் நிகழ்ந்ததே கருதத்தக்கது. வயதில் மிக மூத்த சகோதரி லீயா, தங்கையரின் ஆற்றலைக் காட்சிப்பொருளாக்கினார். 1849 நவம்பரில் ராச்செஸ்டர் நகரில் கட்டணம் பெற்று அவர்கள் மேடையேற்றப்பட்டனர். ஆவியுலக இயக்கம் அட்லாண்டிக் கடலின் இருகரையிலும் பரவியது. நாற்பது ஆண்டுகள் கழித்து, 1888 அக்டோபர் 21 அன்று நியூயார்க் அரங்கு ஒன்றில் மேகி தோன்றி, கால்விரல் மூட்டுகளைச் சொடுக்கி அவ்வொலிகளை எழுப்பியதாக அறிவித்துச் செய்தும் காட்டினார். அடுத்த ஆண்டே அந்த வாக்குமூலத்தைத் திரும்பப் பெற்றார். கேட் 1892இலும் மேகி 1893இலும் வறுமையில் இறந்தனர்.

தாயை அச்சுறுத்தச் சிறுமியர் செய்த விளையாட்டு, அவர்கள் விலக முடியாத வாழ்நாள் தொழிலாயிற்று. நம்பியோர் அவர்களைக் கருவியாக்கினர். நம்பாதோர் அவர்களைச் சோதனைப்பொருளாக்கினர். விட்டுவிடுங்கள் என்று சொல்லும் உரிமையை எவரும் அவர்களுக்கு வழங்கவில்லை. இன்றைய நகைச்சுவைப் புனைவின் நாயகி முதல் இயலிலேயே ‘எனக்கு இது வேண்டாம்’ என்று சொல்கிறாள். ஹைட்ஸ்வில் சிறுமியருக்குக் கிட்டாத அந்தச் சொல்லைப் புனைவு அவளுக்கு வழங்குகிறது. தயக்கம் என்பது இவ்வகையில் கதைத் திருப்பத்துக்கான உத்தி என்ற அளவில் நின்றுவிடுவதில்லை. ஒரு வரலாற்றுத் தவறுக்கான ஈடாகவும் அது அமைகிறது.

பணிப்பெண் ஈடித்

நோயல் கவர்டின் ‘பிளைத் ஸ்பிரிட்’ நாடகம் 1941இல், இலண்டன் மீது குண்டுகள் விழுந்துகொண்டிருந்த போர்க்காலத்தில் மேடையேறியது. இறப்பு அன்றாடச் செய்தியாயிருந்த நாளில் இறந்தோரைப் பற்றிய நகைச்சுவையை மக்கள் திரண்டு பார்த்தனர். இலண்டனில் அந்நாடகம் 1997 முறை நிகழ்ந்தது. எழுத்தாளரான சார்லஸ் காண்டமைன், தம் புதிய நாவலுக்குச் செய்தி திரட்ட எண்ணி, மதாம் ஆர்கட்டி என்னும் ஆவியூடகரை இரவு விருந்துக்கு அழைக்கிறார். விளையாட்டாகத் தொடங்கிய அமர்வில் இறந்துபோன முதல் மனைவி எல்விரா வந்துவிடுகிறாள். அவள் சார்லஸின் கண்ணுக்கு மட்டுமே தெரிகிறாள். இரண்டாம் மனைவி ரூத் அவரைக் குடித்துவிட்டு உளறுவதாக எண்ணுகிறாள். கணவனைத் தன்னுலகுக்கு அழைத்துக்கொள்ள எல்விரா பழுதாக்கிய காரில் ரூத் ஏறிச்சென்று இறந்து, அவளும் ஆவியாகத் திரும்புகிறாள்.

இந்நாடகத்தின் மர்மம் ஒன்றே: ஆவிகளை வீட்டுக்குள் அழைத்தவர் யார்? சார்லஸ் இல்லை, மிதிவண்டியில் வந்திறங்கி ஆரவாரத்துடன் மந்திரம் சொல்லும் ஆர்கட்டியும் இல்லை. முதற்காட்சியிலிருந்தே ஓடக்கூடாது, மெல்ல நட என்று கண்டிக்கப்பட்டுவரும் பணிப்பெண் ஈடித்தான் இயல்பான ஆவியூடகர் என்பது இறுதியில் வெளிப்படுகிறது. தலையில் கட்டுடன், உறக்கத்திலிருந்து எழுந்துவந்து திகைத்து நிற்கும் அவளுக்குத் தன் ஆற்றலே தெரியாது.

கவர்ட் விடையைக் கண்முன்னேயே வைத்திருந்தார் என்பது நோக்கத்தக்கது. ஈடித் காட்சிதோறும் வருகிறாள். எவரும் அவளைப் பார்ப்பதில்லை. எல்விரா ஆவியாதலால் பிறர் கண்ணுக்குத் தெரியவில்லை; ஈடித் பணிப்பெண்ணாதலால் தெரியவில்லை. வர்க்கப் பார்வையே மர்மத்தைக் காக்கும் திரை. அத்திரை விலகும்போது, ஆவியைத் தேடி அறையெல்லாம் அலைந்தவர்கள்மீது நகை விழுகிறது. எனினும் நாடகத்துக்கும் ஓர் எல்லை உண்டு. விடை தெரிந்த பின்னும் ஈடித் கருவியாகவே நிற்கிறாள். அவள் அறிதுயிலில் ஆழ்த்தப்பட்டு ஆவிகளை அனுப்பப் பயன்படுத்தப்படுகிறாள். வேண்டாம் எனச் சொல்ல அவளுக்கு அவகாசம் இல்லை. பின்வந்த புனைவு வகை ஈடித்தை மேடையின் நடுவுக்குக் கொண்டுவந்து, கதைசொல்லும் உரிமையை அவளிடம் கொடுத்தது எனலாம்.

நகை யார்மீது விழுகிறது?

இங்கே மெய்ப்பாட்டியல் துணைக்கு வருகிறது. தொல்காப்பியம் அச்சத்துக்குரிய நிலைக்களன்களாக அணங்கு, விலங்கு, கள்வர், இறை ஆகிய நான்கை வகுக்கிறது. நகைக்குரியனவாக எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்பவற்றைச் சுட்டுகிறது. ஆவியூடகர் துப்பறியும் புனைவை இவ்விரு பட்டியல்களின் நடுவே நிறுத்திப் பார்த்தால் அதன் அமைப்புத் தெளிவாகும். அச்சத்தின் நான்கு களன்களுள் அணங்கும் கள்வரும், அதாவது ஆவியும் குற்றவாளியும், ஒரே கதையில் வருகின்றனர். அவர்களை எதிர்கொள்பவரோ இளையவர், உலகியல் அறியாதவர். எனவே அச்சத்தின் களனும் நகையின் களனும் ஒருவரிடத்திலேயே சந்திக்கின்றன. அச்சமும் நகையும் முரண்பட்டவை. ஒன்றாகக் கலந்தால் இரண்டும் கெடும் என்னும் பொதுக்கருத்து இங்கே பொருந்தவில்லை. ஓர் இளம் உள்ளத்தில் அவை அடுத்தடுத்து எழுவது இயல்பு.

இந்நால்வகைப் பகுப்பு வேறொன்றையும் காட்டுகிறது. இளமையால் தோன்றும் நகை கனிவுடையது. பேதைமையால் தோன்றும் நகை பொறுக்கத்தக்கது. எள்ளலால் தோன்றும் நகையோ ஒருவரைத் தாழ்த்துவது. ஆவியூடகரைப் பற்றிய புனைவு இவற்றுள் எந்த நகையை யார்மீது செலுத்துகிறது என்று வினவினால் அதன் தரம் புலப்படும். இளமையின் நகை நாயகிக்கும், எள்ளல் அவளைப் பயன்படுத்துவோருக்கும் உரியதானால் அப்படைப்பு நேர்மையானது. எள்ளல் அவள்மீதே விழுமானால், அது சந்தையில் கூடிச் சிரிக்கும் கூட்டத்தோடு சேர்ந்துகொள்கிறது.

சங்க அகப்பாடல்களில் வெறியாட்டுத் துறை இதனைத் துல்லியமாகச் செய்கிறது. தலைவியின் மேனி வாடுகிறது, வளை நெகிழ்கிறது, பசலை படர்கிறது. தாய் காரணம் தேடுகிறாள். கட்டுவிச்சி நெல்லைப் பரப்பிக் குறிபார்க்கிறாள். வேலன் கழங்கிட்டு, முருகன் அணங்கினான் என்கிறான். மறியறுத்துப் பலியிட ஏற்பாடாகிறது. இதனைத் துப்பறி புனைவின் மொழியில் சொன்னால், தடயங்கள் மெய், விடை பொய். தெய்வமேறியவன் தவறாகத் துப்பறிகிறான். உண்மை தலைவிக்குத் தெரியும், சொல்லத்தான் இயலவில்லை. அறிந்தும் சொல்ல இயலாத இளம்பெண் என்னும் நிலையில், அவளும் இன்றைய புனைவின் நாயகியும் ஓரிடத்தில் நிற்கின்றனர்.

நகையின் போக்கையும் இங்கே காணலாம். குறுந்தொகை 362ஆம் பாடலில் தோழி வேலனை நோக்கி, நீ இடும் பலியைத் தலைவியின் நோய்க்குக் காரணமான மலைநாடனின் மார்பும் உண்ணுமோ என்று வினவுகிறாள். நற்றிணை 34ஆம் பாடலிலோ முருகனையே விளித்து, அழைத்தார்கள் என்று வந்து நிற்கும் அவனது அறியாமையை எடுத்துரைக்கிறாள். மடன் என்னும் நகைக்களன் கடவுள்மீதே ஏற்றப்படுகிறது. தலைவிமீது ஒரு துளி எள்ளலும் விழவில்லை. குறுந்தொகை 23ஆம் பாடலில் ஔவையாரின் தோழி இன்னும் நுட்பமானவள். அகவன்மகள் பல குன்றுகளையும் பாடிக் குறிபார்க்கையில், தலைவனது குன்றைப் பாடிய பாட்டை மீண்டும் பாடச் சொல்கிறாள். குறிசொல்பவளின் வாயிலிருந்தே உண்மைக்கான தடயத்தை எடுத்துத் தாயின் செவியில் இடும் உத்தி அது. நல்ல துப்பறிவாளரின் செயல் இதுவே.

வேலன் தயங்குவதில்லை என்பதைக் குறிக்க வேண்டும். அவனுக்கு ஐயமே எழுவதில்லை. ஆகவே நகைக்கு இலக்காகிறான். தயங்குபவள் தலைவி, உண்மை அவளிடமே இருக்கிறது.

சாலினியும் கண்ணகியும்

சிலப்பதிகாரம் இந்நிலையை மாற்றிப் போடுகிறது. வேட்டுவ வரியில் தெய்வமுற்று ஆடும் நிகழ்வில் கண்ணகியின் வருங்காலப் பெருமை உரைக்கப்படுகிறது. கேட்ட கண்ணகி, மூதறிவாட்டி மயங்கி உரைத்தாள் என்று நாணிக் கணவன் பின் ஒதுங்கிப் புன்முறுவல் பூக்கிறாள். வெறியாட்டில் தவறான வாக்கு நகைக்கு உள்ளாயிற்று. இங்கே சரியான வாக்கு புன்முறுவலைப் பெறுகிறது. அம்முறுவலின் துயரம் கதையின் முடிவை அறிந்தவர்க்கே விளங்கும். நகைமெய்ப்பாட்டுக்குள் அவலத்தின் விதையை இளங்கோவடிகள் வைத்திருக்கிறார்.

அதே காப்பியத்தின் வழக்குரை காதை, முன்னர்க் கூறப்பட்ட எழுதப்படாத சட்டத்துக்குச் சிறந்த சான்று. துன்ப மாலையில் கண்ணகி கதிரவனிடம் கேட்கிறாள். உன் கணவன் கள்வன் அல்லன் என்னும் மறுமொழி கிடைக்கிறது. ஊர்சூழ் வரியில் வெட்டுண்ட கோவலனே எழுந்து பேசுகிறான். ஆவியும் தெய்வமும் ஆகிய இருவகைச் சான்றும் அவளிடம் உள்ளன. ஆயினும் பாண்டியன் அவையில் அவள் இவற்றுள் எதனையும் சான்றாக வைக்கவில்லை. தன் சிலம்பின் பரல் மாணிக்கம் என்கிறாள், தன் தேவியின் சிலம்பில் இருப்பது முத்து என மன்னன் ஒப்புகிறான், சிலம்பு உடைகிறது, மணி தெறிக்கிறது, வழக்கு முடிகிறது. இயற்கை கடந்த வழியில் அறிந்ததை, எவரும் கண்ணால் காணும் பொருளால் மெய்ப்பிக்கும் இந்த ஒழுங்கை எந்தத் துப்பறி எழுத்தாளர் கழகமும் ஏற்றுக்கொள்ளும். கண்ணகியின் மௌனம் அறியாமையன்று. அவைக்கு எது சான்றாகும், எது ஆகாது என்னும் தெளிவு அது.

வரந்தரு காதையில் காட்சி வேறு. தேவந்தி தெய்வமுற்று உரைத்தபடி, மாடலன் கரக நீரைச் சிறுமியர் மூவர்மீது தெளிக்கிறான். அவர்கள் வாய்வழியே கண்ணகியின் தாயும் கோவலனின் தாயும் மாதரியும் அரற்றுகின்றனர். காப்பியத்தின் உணர்ச்சி மிக்க இடங்களுள் ஒன்று இது. ஆனால் அம்மூவரும் சிறுமியர். முற்பிறப்பின் பெருந்துயர் அவர்கள் உடலில் இறங்குகிறது; இசைவு கேட்கப்படவில்லை; தம் சொந்தக் குரலில் அவர்கள் பேசும் ஓரிடத்தையும் காப்பியம் காட்டவில்லை. ஹைட்ஸ்வில் சிறுமியரையும் பணிப்பெண் ஈடித்தையும் நினைவில் வைத்து இக்காதையைப் படிப்போர்க்கு, முன்பு கண்ணில் படாத ஒரு வெற்றிடம் தெரியும். அயல்மொழி வெகுசனப் புனைவு தமிழ்க் காப்பிய வாசிப்புக்குத் தரக்கூடிய பயன் இது.

மறுப்புகளும் விடைகளும்

இக்கருத்துக்கு இரண்டு மறுப்புகள் எழலாம். முதலாவது, இவை பொழுதுபோக்குப் படைப்புகள். ஆழமான ஆய்வைத் தாங்கா என்பது. ஒரு வகையின் பெரும்பகுதி மேலோட்டமாக இருப்பது உண்மையே. எந்த வகையிலும் பெரும்பகுதி அவ்வாறே இருக்கும். வகையின் இலக்கணத்தை அறிந்தால்தான் மேலோட்டமானதையும் சிறந்ததையும் பிரித்தறிய முடியும். சுஜாதாவின் ‘கொலையுதிர் காலம்’ அறிவியலா அமானுடமா என்னும் வழக்கைக் கணேஷ், வசந்த் இருவரிடையே நிறுத்தியது. இந்திரா சௌந்தர்ராஜனின் கதைகள் தெய்வத்துக்கும் குற்றத்துக்கும் இடைப்பட்ட வெளியில் இயங்கின. இவற்றை நல்லது, கெட்டது எனத் தீர்ப்பிடும் முன், அறிதலும் மெய்ப்பித்தலும் இவற்றில் எவ்வாறு பிரிகின்றன என்று ஆராய வேண்டும்.

இரண்டாவது மறுப்பு கடுமையானது. ஆவியைச் சிரிப்புக்குரியதாக்கி இயல்பாக்குவது மூடநம்பிக்கைக்குத் துணைபோகாதா? ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6 அன்று நேர்ந்த தீயில், சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தப்ப வழியின்றி இறந்தனர். பேய் பிடித்தவர் எனக் கருதப்பட்டோரின் உடல் என்னென்ன கொடுமைகளுக்கு உள்ளாகும் என்பதை அறிந்த மண்ணில் இக்கேள்வியை எளிதாகக் கடந்துவிட இயலாது. அதற்கான விடை இப்புனைவு வகையின் சட்டத்திலேயே இருக்கிறது. ஆவியின் சொல் சான்றாகாது என்று வலியுறுத்தும் கதை, சாமியாடியின் சொல்லால் ஒருவரைக் கட்டிப்போடும் வழக்கத்துக்கு எதிரானது. தயங்கும் உரிமையை ஆவியூடகருக்கு வழங்கும் கதை, இசைவின்றி ஒருவர் உடலைக் கையாளும் வழக்கத்துக்கு எதிரானது. ஆனால் இவ்விரண்டையும் கைவிட்டு, ஆடும் உடலைக் காட்டிச் சிரிக்கவைக்கும் படைப்புக்கு இவ்விடை பொருந்தாது.

2011இல் வெளிவந்த ‘காஞ்சனா’ திரைப்படம் இந்த அளவுகோலுக்கு நல்ல சோதனை. பேய்க்கு அஞ்சி நடுங்கும் இளைஞன் ஒருவனுக்குள், கொலையுண்ட திருநங்கையின் ஆவி புகுகிறது. அவன் அச்சம் இளமையின் நகையைத் தருகிறது, அது கனிவானது. அவன் நடையும் உடையும் பெண்மையடைவதைக் காட்டிப் பெறப்படும் சிரிப்போ எள்ளலின் நகை. அது திருநங்கையர்மீதே விழுகிறது. பிற்பகுதியில் அவரது வாழ்க்கை மதிப்புடன் சொல்லப்படுவதும், அதனை அறிந்தபின் இளைஞன் தானே இசைந்து உடல் தருவதும் முன் நிகழ்ந்ததை ஓரளவு ஈடுசெய்கின்றன. நீதியோ சான்றால் வருவதில்லை, பழிவாங்கலால் வருகிறது. ஒரே படைப்புக்குள் இருவகை நகையும் மோதுவதைக் காண மெய்ப்பாட்டியல் உதவுகிறது. திகில் நகைச்சுவை என்னும் வணிகப் பெயரால் அதைக் காண முடியாது.

முடிவுரை

ஆவியூடகர் துப்பறியும் நகைச்சுவைப் புனைவில் ஆவி உண்டா இல்லையா என்பது முதன்மை வினா அன்று. உண்மை அறிந்த எளியவர் ஒருவரிடம் வலியவர் எவ்வாறு நடந்துகொள்கின்றனர் என்பதே அங்கு சோதிக்கப்படுகிறது. தயக்கமற்ற வேலன் தவறுகிறான். விலகும் வழியறியாத ஹைட்ஸ்வில் சிறுமியர் அழிகின்றனர். எவர் கண்ணுக்கும் படாத ஈடித்திடம் விடை இருக்கிறது. தெய்வம் சொன்னதைத் தன்னுள் வைத்துக்கொண்டு சிலம்பை உடைத்துக் காட்டும் கண்ணகி வழக்கை வெல்கிறாள்.

தமிழாய்வு இத்துறையில் மேற்கொள்ளத்தக்க பணிகள் மூன்று. தமிழ் மாத நாவல்களிலும் தொடர்கதைகளிலும் ஆவியும் குற்றமும் இணையும் கதைகளைத் தொகுத்து வகைப்படுத்துதல் முதலாவது. அவற்றில் நகையின் களன்களை மெய்ப்பாட்டியல் வழி பகுத்தாய்தல் இரண்டாவது. தெய்வமேறும் பெண்டிரும் சிறுமியரும் இலக்கியத்தில் தம் குரலில் பேசும் இடங்களையும் பேசாத இடங்களையும் நிரல்படுத்துதல் மூன்றாவது. இவற்றுள் மூன்றாவதே முதலில் தொடங்கத்தக்கது. வரந்தரு காதையில் நீர் தெளிக்கப்பட்ட அம்மூன்று சிறுமியரிடமிருந்தே அதனைத் தொடங்கலாம்.